மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர்? ராஸ்பெர்ரி பை கணினியில் ஒரு முதல் வேலை

மொரிஷியஸில் அக்டோபர் என்பது வானத்தைப் பார்க்கும் மாதம். மார் ஓ வாக்வா நீர்த்தேக்கம் இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் வரும் நேரமும் சுருங்கிக்கொண்டே போகும். ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் அந்த நாள்களின் முதல் வேலை, அக்கா மகன் மாடிக்கு ஏறித் தொட்டியை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வருவது. காலியான பகுதி டொங்கென்று ஒலிக்கும். தண்ணீர் தொடங்கும் இடத்தில் ஒலி மந்தமாகிவிடும். "பாதி இருக்கிறது, தோந்தோன்!" என்று அங்கிருந்தே கத்துவான். மாமா என்று கூப்பிடப் பழக்கிப் பார்த்தேன், நடக்கவில்லை. கிரியோல் வென்றுவிட்டது.

அவன் பள்ளி முகாமுக்குப் போன வாரத்தில் தட்ட ஆளில்லை. தலை முழுக்கச் சீயக்காயோடு அம்மா குளியலறையிலிருந்து "திலோ ஃபின் கூபே!" என்று குரல் கொடுத்தார். தண்ணீர் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் அந்த விரல் முட்டியின் வேலையை ஒரு சின்னக் கணினியிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்தோம்.

மின்னணுவியலைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பது நாற்பது உணரிகள் (சென்சார்கள்) அடங்கிய 'தொடக்கநிலைப் பெட்டி' ஒன்றை வாங்கி, முதல் நாள் விளக்கை மினுக்கிவிட்டு, இரண்டாம் வாரம் இழுப்பறையில் போட்டு மூடியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே பத்துச் செய்முறைகளுக்குப் பதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குத் தேவைப்படும் ஒன்று கெட்டுப்போனால் வீடே கேள்வி கேட்கும். அதனால் சரிசெய்தே தீர வேண்டியிருக்கும். கற்பது அங்கேதான் நடக்கிறது.

வாங்க வேண்டியவை

நான் சொன்ன சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் பை) 2012 பிப்ரவரி 29 அன்று முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. இன்று பல வகைகள் இருக்கின்றன. இந்த வேலைக்கு 2021-இல் வந்த ஜீரோ 2 டபிள்யூ போதும்: நான்கு கருக்கள் கொண்ட 1 கிகாஹெர்ட்ஸ் செயலி, 512 மெகாபைட் நினைவகம், வைஃபை. பை 5 வாங்கித் தொட்டியை அளப்பது, கறிவேப்பிலை பறிக்கக் கரும்பு லாரியை ஓட்டிப் போவதைப் போன்றது. ஒரு குறிப்பு: ஜீரோவை வாங்கும்போது கம்பிகளை இணைக்கும் 40 முள்களும் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட வகையைக் கேளுங்கள். இல்லையென்றால் முதல் நாளே பற்றவைப்புக் கோலைப் பிடிக்க வேண்டிவரும்.

இதே வேலையை இஎஸ்பி32 போன்ற மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே நிரலை ஓட்டும் சின்னச் சில்லு) இன்னும் மலிவாகச் செய்யும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பை ஒரு முழுக் கணினி. நிரலை அதிலேயே எழுதி, அதிலேயே ஓட்டி, வாரக் கணக்கில் பதிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். கற்பவருக்கு அந்த வசதி பெரிது.

மற்றவை: 16 அல்லது 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் நல்ல மின்வழங்கி, பற்றவைக்காமல் செருகி இணைக்க உதவும் துளைப் பலகையான பிரெட்போர்டு, அதில் செருகும் ஜம்பர் கம்பிகள், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்இடி விளக்குகள், 330 ஓம், 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் மின்தடையங்கள், மேசையில் பழக எச்.சி.-எஸ்ஆர்04 என்ற மீயொலி உணரி, மாடிக்கு நீர்புகா வகையான ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, எஃகுக் குழாயில் அடைத்த டிஎஸ்18பி20 வெப்ப உணரி, ஒரு மல்டிமீட்டர். நம் தீவில் சுவரில் மூன்று முள் பிரிட்டிஷ் சாக்கெட்டும் இரண்டு முள் ஐரோப்பிய சாக்கெட்டும் கலந்தே இருக்கும்; மின்வழங்கி வாங்குமுன் மாடிப்படி அருகே உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். மின்தடையங்களும் எல்இடியும் அற்ப விலை. கடல் தாண்டி வரவழைப்பதாக இருந்தால் இரட்டிப்பாக வாங்குங்கள். ஒரு மின்தடையத்துக்காக மூன்று வாரம் காத்திருப்பதைப் போல உற்சாகத்தைக் கொல்வது வேறில்லை.

கார்டைத் தயார் செய்தல்

மடிக்கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கார்டைச் செருகி, பையின் இயங்குதளமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். எழுதத் தொடங்குமுன் அமைப்புகளைக் கேட்கும். பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம், மடிக்கணினியிலிருந்து பைக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அனுமதி ஆகியவற்றை அங்கேயே கொடுத்துவிடுங்கள். பழைய பாடங்களில் 'பை' என்ற பயனர் தானாக இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். 2022 ஏப்ரலுக்குப் பிறகு அது கிடையாது. வைஃபை நாடாக மொரிஷியஸையும் நேர மண்டலமாக 'இந்தியன் / மொரிஷியஸ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 'ஆப்பிரிக்கா'வில் தேடி நான் பத்து நிமிடம் வீணாக்கினேன். நாம் அங்கே இல்லை.

திரையில், அல்லது எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்ததும், கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் 'பின்அவுட்' (pinout) என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உங்கள் பலகையின் முள்கள் படமாக வரும். அந்தப் படத்தைப் பார்த்துக் கையால் ஒரு தாளில் வரைந்து மேசையில் ஒட்டுங்கள். அச்சிட்டு ஒட்டுவதைவிட வரைந்து ஒட்டுவது மனத்தில் நிற்கிறது.

இங்கே தொடக்கநிலையாளர் எல்லாரும் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. ஒவ்வொரு முள்ளுக்கும் இரண்டு எண்கள். ஒன்று, வரிசைப்படி எண்ணினால் வரும் எண். மற்றது, நிரலில் பயன்படும் ஜிபிஐஓ எண். ஜிபிஐஓ 17 என்பது வரிசையில் 11-ஆவது முள். வரிசையில் 17-ஆவது முள்ளோ 3.3 வோல்ட் மின்சாரம். குழப்பத்தைத் தவிர்க்க, கீழே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கு

பையை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் இணைக்க வேண்டும். பச்சை எல்இடியின் நீண்ட கால் நேர்முனை. ஜிபிஐஓ 17-இலிருந்து (11-ஆவது முள்) ஒரு கம்பி 330 ஓம் மின்தடையத்துக்கு. மின்தடையத்தின் மறுமுனை எல்இடியின் நீண்ட காலுக்கு. குட்டைக் கால் கிரவுண்டுக்கு, அதாவது மின்னோட்டம் திரும்பிச் சேரும் முனைக்கு (9-ஆவது முள்).

மின்தடையம் எதற்கு? முள் தருவது 3.3 வோல்ட். எல்இடி அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 1.3 வோல்ட்டை 330-ஆல் வகுத்தால் சுமார் 4 மில்லிஆம்பியர். விளக்கு எரிய அது போதும், முள்ளும் வருந்தாது. மின்தடையம் இல்லாமல் இணைத்தால் முள் தன் சக்திக்கு மீறி மின்னோட்டம் தரப் பார்த்துக் கெட்டுப்போகலாம். 330 ஓம் என்பதற்கு ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு வளையங்கள். ஐந்து வளையம் கொண்ட வகையில் நிறங்கள் வேறாக வரும் என்பதால், நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி நிரல். எங்கள் கோவிலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவன் என்பதால் இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: விசைப்பலகையைத் தொடுமுன் நோட்டில் தமிழில் எழுத வேண்டும். அக்கா மகன் எழுதியது இது:

ஜிபிஐஓ ஜீரோ நூலகத்திலிருந்து எல்இடியை அழை.
17-இல் இருக்கும் விளக்குக்குப் 'பச்சை' என்று பெயர் வை.
எப்போதும் திரும்பத் திரும்ப: பச்சையை ஏற்று, 1 விநாடி பொறு, பச்சையை அணை, 1 விநாடி பொறு.

இதன் ஒவ்வொரு வரியும் பைத்தான் என்ற நிரல்மொழியில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியாகவே மாறுகிறது. ஜிபிஐஓ ஜீரோ என்பது இதற்கென்றே எழுதப்பட்ட எளிய நூலகம், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு. அதன் ஆவணத்தில் முதல் எடுத்துக்காட்டே விளக்கு மினுக்குவதுதான். தான்னி என்ற எளிய எடிட்டரில் தட்டி ஓட்டுங்கள். இன்னொரு மகிழ்ச்சி: பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். தூரம், மட்டம், லிட்டர் என்றெல்லாம் எழுதினால் அப்படியே ஏற்கும். நம் ரூபாய்த் தாளில் இருக்கும் தமிழ் எண்ணைக்கூட, ௧௦ என்று எழுத்துச் சரமாகக் கொடுத்து முழு எண்ணாக மாற்றச் சொன்னால், பத்து என்று புரிந்துகொள்ளும். வகுப்பில் இதைக் காட்டிய அன்று, பாதிப் பிள்ளைகள் சட்டைப் பையில் இருந்த ரூபாய்த் தாள்களை எடுத்துப் பார்த்தார்கள்.

விளக்கு எரிந்ததும் மஞ்சளை ஜிபிஐஓ 27-இலும் (13), சிவப்பை ஜிபிஐஓ 22-இலும் (15) அதே முறையில் இணைத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடையம்.

ஒலியால் அளப்பது

மீயொலி உணரியும் விரல் முட்டியைப் போல ஒலியைத்தான் நம்புகிறது. நம் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைத் துண்டாக அனுப்பி, எதிரொலி திரும்பும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். தண்ணீர் 100 செ.மீ. கீழே இருந்தால் போய்த் திரும்ப 200 செ.மீ.; அதற்குச் சுமார் 5.8 மில்லி விநாடி. நேரத்தை வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தூரம்.

உணரியில் நான்கு முனைகள். மின்சாரம் வாங்கும் விசிசி 5 வோல்ட்டுக்கு (2-ஆவது முள்), கிரவுண்டு 6-ஆவது முள்ளுக்கு, ஒலியை அனுப்பச் சொல்லும் டிரிகர் ஜிபிஐஓ 23-க்கு (16). நான்காவது, எதிரொலி வந்ததைச் சொல்லும் எக்கோ. இங்கே நிறுத்திப் படியுங்கள்.

எக்கோ முனை 5 வோல்ட்டில் பதில் சொல்கிறது. பையின் முள்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நேராக இணைத்தாலும் முதல் நாள் எல்லாம் சரியாகவே நடப்பதுபோல் தெரியும், அதுதான் ஆபத்து. எங்கள் முதல் பலகையின் 18-ஆவது முள் ஒரு வாரம் உழைத்துவிட்டுச் செத்தது. அவசரப்பட்டது அக்கா மகன் அல்ல, நான்.

மருந்து இரண்டு மின்தடையங்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு). அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் (சிவப்பு, கறுப்பு, சிவப்பு). இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து ஜிபிஐஓ 24-க்கு (18) ஒரு கம்பி. 5 வோல்ட் இந்த இரண்டுக்கும் இடையே 1-க்கு 2 என்று பிரியும், நடுப்புள்ளியில் 3.3 வோல்ட் மட்டும் இருக்கும். மாற்றி வைத்தால் 1.7 வோல்ட்தான் கிடைக்கும், அளவு வராது. ஆனால் எதுவும் கெடாது.

ஜிபிஐஓ ஜீரோவில் 'டிஸ்டன்ஸ் சென்சார்' என்ற ஆயத்தக் கருவி இருக்கிறது. அதில் இரண்டு பொறிகள். முதலாவது, அது முதலில் எக்கோ எண்ணையும் பிறகு டிரிகர் எண்ணையும் கேட்கிறது. நாம் இயல்பாக மாற்றித்தான் கொடுப்போம். இரண்டாவது, நாமாகச் சொல்லாவிட்டால் அதிகபட்சத் தூரம் 1 மீட்டர் என்று அதுவே வைத்துக்கொள்ளும். எங்கள் தொட்டியில் உணரியிலிருந்து அடிமட்டம் 130 செ.மீ. தண்ணீர் இறங்கி, தூரம் 1 மீட்டரைத் தாண்டிய பிறகும் கருவி 1 மீட்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கணக்குப்படி 285 லிட்டர் மிச்சம், குழாயிலோ காற்று. "உன் கம்ப்யூட்டரைவிடப் பிள்ளையின் விரலே மேல்" என்றார் அம்மா. அதிகபட்சத் தூரத்தை 2 மீட்டர் என்று கொடுங்கள்.

மாடிக்கு ஏறுமுன், ஒரு வாளியில் தண்ணீர் வைத்து மேசையிலேயே ஒரு மாலை முழுக்க அளந்து பாருங்கள். அளவுகோலும் உணரியும் 1 செ.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும்.

வெயிலின் கணக்கு

ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு கூடும். டிசம்பர் நண்பகலில் தொட்டி மூடிக்கடியில் காற்று 35 டிகிரி ஆனால் வேகம் விநாடிக்கு 352 மீட்டர். 343 என்றே வைத்துக் கணக்கிட்டால் 100 செ.மீ. என்பது 97.4 என்று வரும். அதாவது இல்லாத 25 லிட்டர் இருப்பதாகத் தோன்றும். அவசியமா என்றால், இல்லை. ஆனால் இரண்டாவது உணரியைக் கற்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

டிஎஸ்18பி20-இன் சிவப்புக் கம்பி 3.3 வோல்ட்டுக்கு (1), கறுப்பு கிரவுண்டுக்கு (14), மஞ்சள் ஜிபிஐஓ 4-க்கு (7). மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே 4.7 கிலோ ஓம் (மஞ்சள், ஊதா, சிவப்பு). அமைப்புகளில் 'ஒன்-வயர்' என்பதை இயக்கி மறுதொடக்கம் செய்தால், 28 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்புறை தோன்றும். அதில் வெப்பம் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரிக் கணக்கில் இருக்கும், 1000-ஆல் வகுங்கள். வேகத்துக்கு வாய்பாடு: 331.3 கூட்டல், 0.606 பெருக்கல் வெப்பம். நீர்புகா உணரி என்பதால் தண்ணீருக்குள் விடத் தோன்றும். விடாதீர்கள். ஒலி போவது காற்றில். காற்றின் வெப்பம்தான் வேண்டும்.

லிட்டரும் விளக்கும்

எங்கள் தொட்டியின் உள்விட்டம் 110 செ.மீ. ஆரம் 55, வட்டப் பரப்பு சுமார் 9,500 சதுர செ.மீ. ஆகவே 1 செ.மீ. உயரத்துக்கு 9.5 லிட்டர். நிரம்பினால் 105 செ.மீ., அதாவது ஏறக்குறைய 1,000 லிட்டர். உங்கள் தொட்டிக்கு இந்த ஒரு பெருக்கலை மட்டும் மாற்றினால் போதும்.

நோட்டில் எழுதிய முழு நிரல்:

5 முறை தூரத்தை அள. நடுவில் வரும் எண்ணை எடு.
130-இலிருந்து அதைக் கழி, அது மட்டம்.
மட்டத்தை 9.5-ஆல் பெருக்கு, அது லிட்டர்.
500-க்கு மேல் என்றால் பச்சை. 200 முதல் 500 வரை மஞ்சள். 200-க்குக் கீழே சிவப்பு.
நாள், நேரம், வெப்பம், லிட்டர் ஆகியவற்றைக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்.
5 நிமிடம் பொறு, மறுபடி.

சராசரிக்குப் பதில் நடு எண் ஏன்? தண்ணீர் விழும்போது அலையடித்து ஓர் அளவு 40 என்று தவறி வந்தால், சராசரி முழுவதும் கெடும். நடு எண் அதைக் கண்டுகொள்ளாது. எல்லையில் விளக்கு மாறி மாறி மினுக்கினால், மூன்று அளவுகள் தொடர்ந்து ஒத்துக்கொண்ட பிறகே நிறத்தை மாற்றும்படி ஒரு வரி சேருங்கள். வரைபடம், இணையப் பக்கம் எல்லாம் போடலாமே என்று அக்கா மகன் துடித்தான். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: விளக்கு போதும்.

பதிவுக் கோப்புதான் உண்மையான புதையல். ஒரு வாரம் ஓடிய பிறகு விரிதாளில் திறந்து பாருங்கள். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பது தெரியும். துணி துவைக்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்றலாம். எல்லாரும் உறங்கும் வேளையில் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மணிக்கு 1 செ.மீ. இறங்கியது. 9.5 லிட்டர்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 228 லிட்டர். கழிப்பறைத் தொட்டியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது.

மாடியில் பொருத்துதல்

மேசையில் பழகிய எச்.சி.-எஸ்ஆர்04 தொட்டியின் ஈரத்தில் அதிக நாள் வாழாது. அதன் இடத்தில் ஜேஎஸ்என் வகையை வையுங்கள். இணைப்பும் நிரலும் அப்படியே பொருந்தும். ஒரே வேறுபாடு: முகத்துக்கு நேரே 20 முதல் 25 செ.மீ. வரை அதற்குக் கண் தெரியாது. நிரம்பிய தண்ணீருக்கு 25 செ.மீ. மேலே இருக்கும்படி மூடியின் கழுத்தில் உயர்த்திப் பொருத்துங்கள். உயரம் போதாவிட்டால் நிரம்பிய நிலையில் வரும் எண்ணை நம்பாதீர்கள். நமக்குக் கவலை அடிமட்டத்தைப் பற்றித்தான். சுவரையும், தண்ணீர் விழும் குழாயையும், மிதவையையும் விட்டு விலகி, நேர் கீழே பார்க்க வேண்டும். மிதவையின் முதுகிலிருந்து எதிரொலி வந்தால் தொட்டி எப்போதும் நிறைந்தே தெரியும்.

மூடியில் போட்ட துளையைச் சிலிக்கான் பசையால் இடைவெளியின்றி அடையுங்கள். 2006-இல் சிக்குன்குனியா இங்கே ஆடிய ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கொசுவுக்கு வாசல் திறந்துவிட்டுத் தண்ணீரை அளப்பதில் பயனில்லை.

பையை வெயிலில் வைக்காமல், மாடிப்படி முடியும் இடத்தில் நீர்புகாப் பெட்டியில் வைப்பது நல்லது. அதற்குமுன் கைப்பேசியை அங்கே கொண்டுபோய் வைஃபை வருகிறதா என்று பாருங்கள். நம் வீடுகளின் கான்கிரீட் தளம் புயலைத் தாங்கக் கட்டியது, சிக்னலையும் சேர்த்தே தடுக்கும். வராவிட்டாலும் விளக்குகள் எரியும்.

மோட்டாரையும் இதே பையால் இயக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இப்போது வேண்டாம். 230 வோல்ட்டும் ஈரமும் சேரும் இடம் மின்பணியாளருடையது.

மின்சாரம் போய் வந்தால்

நிரல் தானாகத் தொடங்க, கிரான்டேப் என்ற அட்டவணையில் 'மறுதொடக்கத்தின்போது இதை ஓட்டு' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஜீரோவில் மின்கலம் வைத்த கடிகாரம் இல்லை. இணையம் கிடைக்கும்வரை அதன் நேரம் பின்தங்கியே இருக்கும். அதனால் மின்வெட்டுக்குப் பின் வரும் சில வரிகளின் நேரத்தை நம்ப வேண்டாம். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் கெடலாம். ஒவ்வொரு விநாடியும் எழுதாமல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாம் சரியாக ஓடும் நாளில் கார்டை முழுமையாக நகலெடுத்து மடிக்கணினியில் வைத்துவிடுங்கள். திரையில் மின்னல் குறி தோன்றினால் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி மெல்லிய கைப்பேசிக் கம்பிதான்.

புயல் எச்சரிக்கை வந்தால்

நவம்பர் முதல் மே வரை ஒரு வேலை கூடுதல். முதலாம் எண் எச்சரிக்கையிலேயே தொட்டியை நிரப்பத் தொடங்குங்கள். இரண்டாம் எண் வந்ததும் பையை முறையாக அணைத்து, கம்பிகளைக் கழற்றிப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துச் சென்றதைப் பார்த்தோம். ஒரு சின்னப் பெட்டி எம்மாத்திரம்? கம்பிகளில் எது எங்கே போகிறது என்று நிற நாடா ஒட்டிவைத்திருந்தால், திரும்பப் பொருத்த கால் மணி நேரம் ஆகும். உணரியைக் கழற்றிய துளைக்கு ஒரு தக்கையைத் தயாராக வையுங்கள். எங்கள் தக்கை அடுப்படியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.